ஹை ஸ்ட்ரீட்டும் ஒரு பழைய சாட்சியும்

மகள் வீட்டுக்கு இங்கிலாந்து வந்து மூன்றாவது மாதம் நடக்கிறது. ஊர் பெயர் கில்ட்ஃபோர்டு. லண்டனுக்குத் தென்மேற்கே ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சர்ரே மாவட்டத்தில், வே என்ற சிற்றாற்றின் கரையில் இருக்கிறது. காலையில் மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள், பேரன் பள்ளிக்கூடம் போய்விடுவான். பிறகு வீட்டில் நானும் ஹீட்டரும்தான்.

"அப்பா, நாள் பூரா டிவி முன்னால உக்காராதீங்க. ஹை ஸ்ட்ரீட்ல ஒரு நடை போயிட்டு வாங்க, முட்டிக்கும் நல்லது" என்று மகள் ஒரு தாளில் பஸ் நம்பரை எழுதிக் கொடுத்தாள்.

முட்டிக்கு நல்லதா என்பது சந்தேகம்தான். இந்த ஊரின் ஹை ஸ்ட்ரீட், அதாவது கடைத்தெரு, ஆற்றங்கரையில் ஆரம்பித்து மேடு ஏறிக்கொண்டே போகிறது. தரையெல்லாம் சிறு சிறு கருங்கல் கட்டிகள் பதித்தது. மழை பெய்தால் வழுக்கும். பகல் வேளையில் பெரும்பாலும் வண்டிகள் கிடையாது என்பதால் நடுத்தெருவிலேயே நடக்கலாம். மேலே ஏறி நின்று திரும்பிப் பார்த்தால் இரண்டு பக்கமும் கடைகள், தெரு முடிகிற இடத்தில் ஆற்றுக்கு அப்பால் பச்சைக் குன்று. அந்த ஒரு காட்சிக்காகவே மேடு ஏறலாம்.

முப்பத்தைந்து வருஷம் வருவாய்த் துறையில் குப்பை கொட்டியவனுக்கு ஒரு தெருவைச் சும்மா பார்க்க வராது. இது யார் இடம், எப்போது கட்டியது, எதிலிருந்து எது பிரிந்தது என்றுதான் புத்தி போகும். தினம் கொஞ்சம் கொஞ்சமாக, கீழிருந்து மேலாக, இந்தத் தெருவுக்கு நானே ஒரு 'அ' பதிவேடு போட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊர் ஏன் இங்கே வந்தது என்று பார்க்க வேண்டும். பெயரின் பிற்பாதியான 'ஃபோர்டு' என்றால் ஆற்றை நடந்து கடக்கிற துறை. நம்மூரில் மணல்துறை, படித்துறை என்று பெயர் வருகிற மாதிரி. ஆற்றைக் கடக்கிற இடத்தில் ஊர், ஊருக்குக் காவலாக நார்மன் காலத்துக் கோட்டை. செல்வம் கொடுத்தது கம்பளித் துணி. சுற்றுவட்டாரத்துக் குன்றுகளில் ஆடு, ஆற்றில் துணி அலசத் தண்ணீர். ஊரின் சின்னத்திலேயே கோட்டையோடு கம்பளிப் பொதிகள் இருக்கின்றன. 1653இல் வே ஆற்றைப் படகு போகும்படி திருத்தி, தேம்ஸ் ஆற்றோடு இணைத்தார்கள். இங்கிலாந்தில் அப்படித் திருத்திய ஆறுகளில் இது ஆரம்ப காலத்தது. லண்டனிலிருந்து போர்ட்ஸ்மத் கடற்படைத் துறைமுகத்துக்குப் போகும் சாலையும் இந்தத் தெரு வழியாகத்தான். குதிரை வண்டிக் காலத்தில் பயணிகள் நடுவழியில் தங்கும் ஊர்.

அந்தக் காலத்து வண்டிச் சத்திரங்கள் இந்தத் தெருவில் பல இருந்தன. இன்றும் உருக்குலையாமல் நிற்பது ஏஞ்சல். முகப்பில் வாசல் வளைவு, அதன் வழியே உள்ளே போனால் முற்றம். குதிரைகளை அவிழ்த்துக் கட்டிய இடம். இப்போது அங்கே கடைகள். இந்தக் கட்டடத்துக்கு அடியிலும், தெருவின் எதிர்ப்பக்கத்தில் ஒரு கடைக்கு அடியிலும், 13ஆம் நூற்றாண்டில் கல்லால் வளைத்துக் கட்டிய நிலவறைகள் இருக்கின்றன. எதிர்ப்பக்கத்து அறையில் வளைவுகளைத் தாங்கும் கற்களில் முகங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். பணக்கார வியாபாரி ஒருவர் நல்ல சரக்கை வைத்து விற்க இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார். மேலே ஃபோன் கடைகளும் காபிக் கடைகளும் மாறிக்கொண்டே இருக்க, கீழே எழுநூறு வருஷத்து முகங்கள் அப்படியே பார்த்துக்கொண்டிருக்கின்றன.

இன்னும் ஏறினால் கில்ட்ஹால், பழைய நகர மன்றம். கட்டடம் அதைவிடப் பழையது. முகப்பு மட்டும் 1683இல் புதுப்பித்தது. அந்த முகப்பிலிருந்து நடுத்தெருவை நோக்கி நீண்ட இரும்புக் கம்பிகளில் பொன்முலாம் பூசிய பெரிய கடிகாரம் ஒன்று தொங்குகிறது. தெருவின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் மணி தெரியும். கில்ட்ஃபோர்டு என்று எந்தப் படத்தைத் தேடினாலும் முதலில் வருவது இதுதான்.

இதற்கு ஊரில் ஒரு கதை சொல்கிறார்கள். ஜான் ஏல்வர்டு என்ற கடிகாரக்காரர் வெளியூரிலிருந்து பிழைக்க வந்தாராம். அந்தக் காலத்தில் ஊர் மன்றத்தின் அனுமதி இல்லாமல் வெளியாள் கடை போட முடியாது. கேட்டார், மறுத்துவிட்டார்கள். அவர் ஊருக்கு வெளியே கடை வைத்து, இந்தக் கடிகாரத்தைச் செய்து மன்றத்துக்கே அன்பளிப்பாகக் கொடுத்தார். அதற்குப் பிறகு அனுமதி கிடைத்தது. வரவேற்காத ஊருக்கு நேரம் சொல்லிக் கொடுத்து உள்ளே வந்தவர்! விசாவுக்கு நாங்கள் கொடுத்த தாள்களை நினைத்துக்கொண்டேன். எங்களிடம் கடிகாரம் எதுவும் கேட்கவில்லை, வங்கிக் கணக்கோடு விட்டார்கள்.

கில்ட்ஹாலுக்குள் என் தொழிலுக்கு ஏற்ற பொருள் ஒன்று உண்டு. முதலாம் எலிசபெத் அரசி காலத்தில், 1601இல், ஊருக்கு வந்த அரசு முத்திரை அளவைகள். சந்தையில் படி குறைந்தால் இதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மரக்காலும் படியும் வீட்டுக்கு வீடு வேறுபட்ட காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அளவு சரியில்லை என்ற சண்டை எல்லா ஊருக்கும் பொதுதான் போலிருக்கிறது.

கில்ட்ஹாலுக்கு நேர் எதிரே நான்கு பெரிய கல் தூண்களோடு ஒரு முகப்பு. பெயர் டன்ஸ்கேட். 1818இல் தானியச் சந்தைக்காகக் கட்டியது. அந்த இடத்தில் முன்பு 'மூன்று பீப்பாய்' என்ற பொருள்படும் பெயரில் ஒரு சத்திரம் இருந்ததால் அந்தப் பெயர். உற்றுப் பார்த்தால் நடுவில் உள்ள இரண்டு தூண்களுக்கு இடைவெளி அதிகம். முதலில் நான்கும் சம தூரத்தில்தான் நின்றன. மோட்டார் வண்டிகள் நடுவே போக வேண்டும் என்பதற்காகப் பிற்பாடு தூண்களை நகர்த்தி வைத்தார்கள். இடித்துத் தள்ளாமல் நகர்த்தினார்களே என்று அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு மேலே, 1660இல் ஜான் சைல்டு என்ற வழக்கறிஞர் கட்டிய வீடு. மரச் செதுக்கல் மாடிப்படி, சுதை வேலைக் கூரை. இப்போது ஓவியக் காட்சிக்கூடமாக இருக்கிறது. வழக்கறிஞர்களுக்கு அன்றும் நல்ல வருமானம் என்பது தவிர அதைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவுமில்லை.

அடுத்துதான் என்னை நிறுத்திய கட்டடம். செங்கல் சிவப்பில் நான்கு கோபுரங்களோடு கோட்டை வாசல் மாதிரி ஒன்று. பலகையில் 'அபட்ஸ் ஹாஸ்பிடல்' என்று இருந்தது. அரண்மனை மாதிரி ஆஸ்பத்திரி கட்டியிருக்கிறார்களே, முட்டியைக் காட்டிவிட்டுப் போகலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தது உண்மை. வாசலில் நின்றிருந்த ஒரு பெரியவரிடம் விசாரித்தேன். அவர் சிரித்துவிட்டு, "இங்கே டாக்டர் கிடையாது, நான் இங்கே குடியிருக்கிறேன்" என்றார்.

ஹாஸ்பிடல் என்பதற்குப் பழைய பொருள் தங்க இடம் கொடுக்கும் அறச்சாலை. நம் சத்திரம் மாதிரி. இது முதியோருக்கான சத்திரம். கட்டியவர் ஜார்ஜ் அபட். 1562இல் இதே ஊரில் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு வீட்டில் பிறந்தவர். அப்பா, நெய்த கம்பளியின் மயிரைக் கத்தரித்துச் சீராக்கும் தொழிலாளி. மகன் படித்து, பைபிளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜேம்ஸ் அரசர் கால அறிஞர் குழுவில் ஒருவராகி, 1611இல் கான்டர்பரி பேராயரானார். இங்கிலாந்துத் திருச்சபையில் அதற்கு மேல் பதவி இல்லை.

அவர் வாழ்க்கையில் ஒரு துயரம் உண்டு. 1621இல் ஒரு பிரபுவின் தோட்டத்தில் வேட்டைக்குப் போனவர் மானைக் குறிவைத்து எய்த அம்பு, காவல்காரர் ஒருவர் மேல் பட்டு அவர் இறந்துபோனார். விசாரணைக் குழு அமைத்தார்கள். அரசர் மன்னித்தார். அபட் அந்தக் காவல்காரரின் மனைவிக்கு ஆண்டுதோறும் பணம் கொடுத்தார். அதற்குப் பிராயச்சித்தமாகத்தான் இந்தச் சத்திரத்தைக் கட்டினார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடிக்கல் நாட்டியது 1619இல், விபத்துக்கு இரண்டு வருஷம் முன்பு. கட்டி முடித்தது 1622இல். தேதியைப் பார்க்காமல் கதையை ஏற்றுக்கொள்வது எங்கள் துறையில் பழக்கமில்லை.

பன்னிரண்டு ஆண்கள், எட்டுப் பெண்கள் என்று ஆரம்பித்தார்கள். துணையற்றவராக இருக்க வேண்டும், அறுபது வயது நிறைந்திருக்க வேண்டும், இந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும் அல்லது இருபது வருஷம் வாழ்ந்திருக்க வேண்டும். நடுவில் முற்றம், சுற்றிலும் வீடுகள், மூலையில் யாக்கோபின் கதையை வண்ணக் கண்ணாடியில் தீட்டிய சிறு வழிபாட்டறை. 1685இல் அரசருக்கு எதிராகக் கலகம் செய்து பிடிபட்ட மன்மத் கோமகனை லண்டனுக்குக் கொண்டுபோகும் வழியில் ஒரு ராத்திரி இந்த வாசல் கோபுரத்து அறையில்தான் அடைத்து வைத்தார்கள். அந்த மாதமே அவர் தலை போயிற்று. கீழே முதியவர்கள் நிம்மதியாகத் தூங்க, மேலே ஒருவர் தூங்காமல் கிடந்த ராத்திரி. இதெல்லாம் நடந்து, நானூறு வருஷம் கழித்தும் கட்டிய நோக்கம் மாறவில்லை. இன்றும் அங்கே முதியோர்தான் இருக்கிறார்கள். தெருவுக்கு எதிர்ப்பக்கம், பழைய கோபுரம் 1740இல் இடிந்து விழுந்தபின் செங்கல்லில் திரும்பக் கட்டிய ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில், அபட்டின் கல்லறை இருக்கிறது. அதன் தூண்களுக்கு அடியில் புத்தக அடுக்குகளைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள்.

ஜார்ஜுக்கு ஒரு தம்பி, மாரிஸ் அபட். இவரைப் பற்றிப் படித்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வியாபாரத்தில் இறங்கிய இவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆரம்ப கால இயக்குநர்களில் ஒருவர். 1624 முதல் 1638 வரை கம்பெனியின் கவர்னர், அதாவது தலைவர். பிறகு லண்டன் மேயர். இவர் தலைமையில் இருந்த காலத்தில்தான் கம்பெனி 1626இல் நெல்லூர்ப் பக்கம் துர்கராயப்பட்டினத்தில் பண்டகசாலை போட்டது. அங்கிருந்த ஃபிரான்சிஸ் டே தெற்கே இடம் தேடி வந்து, 1639 ஆகஸ்டில் நாயக்கரிடம் மதராஸப்பட்டினத்தில் கோட்டை கட்ட அனுமதி வாங்கினார். மாரிஸ் பதவியை விட்ட மறு வருஷம். சென்னையில் பாதி வாழ்நாளைக் கழித்த நான், அந்தக் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவர் பிறந்த ஊரில் மகளுக்கு வெங்காயம் வாங்கிக்கொண்டு நிற்கிறேன்.

இந்தச் சகோதரர்கள் படித்த பள்ளிதான் என் நடையின் கடைசி நிறுத்தம். தெருவின் மேல்கோடியில் இருக்கும் ராயல் கிராமர் ஸ்கூல். ராபர்ட் பெக்கிங்ஹாம் என்ற லண்டன் மளிகை வியாபாரி 1509இல் விட்டுப்போன சொத்தில் ஆரம்பித்தது. இப்போது நிற்கும் பழைய கட்டடம் அதற்கு ஐம்பது வருஷம் பிற்பட்டது. திருடு போகாமல் புத்தகங்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்த நூலகம் இன்னும் இருக்கிறது.

ஆனால் நான் அங்கே நின்றது சங்கிலிக்காக இல்லை. பேரன் சொன்ன விஷயத்துக்காக.

"தாத்தா, கிரிக்கெட் பத்தி உலகத்துலயே முதல்ல எழுதி வச்சது எங்க ஊர்லதான், தெரியுமா?" என்றான் ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டில். எட்டு வயசுக்காரன் பெருமை என்று விட்டுவிட்டேன். பிறகு தேடிப் பார்த்தால் அவன் சொன்னது சரி.

ஒரு நிலத் தகராறு. இன்றைய காலண்டர் கணக்குப்படி 1598 ஜனவரியில் கில்ட்ஃபோர்டில் விசாரணை நடந்தது. ஒரு துண்டு நிலம் பொதுவா, தனியாருடையதா என்று வழக்கு. ஜான் டெரிக் என்பவர் சாட்சி சொன்னார். வயது 59. சந்தேக மரணங்களை விசாரிக்கும் அரசு அதிகாரி. ஐம்பது வருஷத்துக்கு முன்னால், இந்தப் பள்ளியில் தாம் மாணவராக இருந்தபோது, தாமும் கூட்டாளிகளும் அந்த நிலத்தில் ஓடி ஆடியதாகவும், 'கிரெக்கெட்டும்' மற்ற ஆட்டங்களும் ஆடியதாகவும் அவர் சொன்னதை எழுத்தர் எழுதிக்கொண்டார். கிரிக்கெட் என்ற ஆட்டம் இருந்ததற்கு உறுதியாகக் கிடைக்கும் முதல் எழுத்துச் சான்று அதுதான். விளையாட்டு வரலாறு எழுத வேண்டும் என்று யாரும் எழுதவில்லை. புறம்போக்குத் தகராறில் ஒரு பெரியவரின் வாய்மொழி, அவ்வளவுதான்.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு எழுதியதே அதற்காகத்தான்.

எண்பதுகளில் நான் வருவாய் ஆய்வாளராக இருந்தபோது ஒரு கிராமத்தில் இதே மாதிரி ஒரு விசாரணை. ஊர் பெயரைப் போடவில்லை, இருப்பவர்களுக்குச் சங்கடம் வேண்டாம். ஊரின் மந்தைவெளியில் ஒரு பகுதியை ஒருவர் வேலி போட்டு அடைத்து, பட்டா கேட்டார். கையில் ஏதோ தாள்கள் வைத்திருந்தார். எதிர்த்து வந்தவர்களில் பேசியது ஒரே ஒருவர். எழுபது வயது இருக்கும், ஆடு மேய்ப்பவர்.

"ஐயா, நான் பொடியனா இருக்கச் சொல்ல அங்கதான் கிட்டிப்புள்ளு அடிப்போம். எங்கப்பன் காலத்துலயும் அது மந்தைதான். புளியமரத்துக்கு மேக்கால பூரா வெளிதான், வேலி கெடையாது" என்றார்.

"பெரியவரே, கிட்டிப்புள் ஆடினதெல்லாம் ஆதாரம் ஆகாது. காகிதம் இருக்கா?" என்று கேட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். "ஆட்சேபணைதாரர் தரப்பில் ஆவணம் எதுவும் தாக்கல் செய்யப்படவில்லை" என்று ஒரு வரி எழுதி மேலே அனுப்பினேன். சட்டப்படி அந்த வரியில் பொய் இல்லை. ஆனால் அவர் சொன்னதை நான் எழுதவில்லை. வாக்குமூலமாக நாலு வரி பதிவு செய்திருக்கலாம், மேலே இருப்பவர்கள் முடிவு செய்திருப்பார்கள். எழுதாததால் அது சொல்லப்படாததாகவே ஆகிவிட்டது. பட்டா ஆயிற்று. பிறகு ஒரு முறை அந்த வழியாகப் பஸ்ஸில் போனபோது அங்கே நெல் காயப்போட்ட களமும் ஒரு வீடும் இருந்தன. பையன்கள் ரோட்டோரத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

டெரிக் அரசியின் அதிகாரி, அதனால் எழுத்தர் கவனமாக எழுதியிருப்பார் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். சமாதானம் ஆகவில்லை. அப்படியென்றால் என் பெரியவர் ஆடு மேய்த்தவர் என்பதால்தான் நான் எழுதவில்லை என்று ஆகிறது. அதுதான் உண்மையும்.

மறுநாள் பேரனை ஹை ஸ்ட்ரீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பள்ளி வாசலில் நிறுத்தி இந்தக் கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டான். "அந்தத் தாத்தா பேர் என்ன?" என்றான். எனக்கு நினைவில்லை. அன்று எழுதியிருந்தால் பெயரும் இருந்திருக்கும்.

ஆகவே, தாமதமாக, இங்கே பதிவு செய்கிறேன். அந்த ஊரின் புளியமரத்துக்கு மேற்கே இருந்த நிலம் மந்தைவெளி. அங்கே வேலி இருந்ததில்லை. ஊர்ப் பையன்கள் அங்கே கிட்டிப்புள் ஆடினார்கள். எழுபது வயது மதிக்கத்தக்க, ஆடு மேய்க்கும் ஒரு பெரியவர் என் முன்னால் நின்று இதைச் சொன்னார். நான் கேட்டேன்.

படிக்கிற உங்களில் பெரும்பாலோர் என் வயதுக்காரர்கள். உங்கள் ஊரில் குளம் எதுவரை இருந்தது, மந்தை எங்கே, எந்த மேட்டில் பம்பரம் விட்டீர்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் வருஷத்தோடு எழுதி, கீழே பெயரும் போட்டு வையுங்கள். மழை விட்டிருக்கிறது. நான் பஸ்ஸைப் பிடித்து ஹை ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்புகிறேன். அபட் சத்திரத்துப் பெரியவர் இன்று உள்ளே முற்றத்தைக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.